அரக்குப் பட்டும் மாநிறமும்: கல்யாணப் படங்களை ஆல்பத்துக்குத் தயார் செய்வது எப்படி?

அரசலாறு:
வணக்கம் நண்பர்களே. கும்பகோணம் பக்கத்து மண்டபத்தில் எடுத்த கல்யாணப் படங்கள், எல்லாம் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமித்தது), 24 மெகாபிக்சல். மணமேடையில் வீடியோ லைட், மேலே ஊதா எல்இடி, பக்கவாட்டு ஜன்னலில் பகல் வெளிச்சம், கேமராவில் ஃப்ளாஷ். பொண்ணுக்கு அரக்குக் கலர் திருபுவனம் பட்டு. சிக்கல் மூன்று. மாப்பிள்ளை வேட்டியில் ட்ராப்பரை (நிறம் எடுக்கும் கருவி) வைத்து வெள்ளையைச் சரி செய்தால் எல்லா முகமும் மஞ்சள் பூத்துவிடுகிறது. பட்டில் நெசவே தெரியவில்லை, சிவப்புத் தகடு மாதிரி இருக்கிறது. சோதனை ப்ரிண்ட் திரையில் பார்ப்பதைவிட ரொம்ப இருட்டு. இதோடு பொண்ணை "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று வீட்டில் கேட்கிறார்கள். 12க்கு 36 அங்குல ஆல்பம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

குடமுருட்டி:
தம்பி, முதல்ல வேட்டிய விட்டுடுங்க. அது கண்ணுக்குத்தான் வெள்ளை. துணி சோப்புத்தூள்ல வெளுப்பாக்குற பொருள் ஒண்ணு இருக்கு, அது புற ஊதாவ வாங்கி நீலமா திருப்பி விடும். அதுக்கு மேல சொட்டு நீலம் வேற. ஃப்ளாஷ் வெளிச்சத்துலயும் ஜன்னல் வெளிச்சத்துலயும் புற ஊதா உண்டு, அதனால வேட்டி உண்மையிலேயே நீலமாத்தான் பதிவாகுது. அந்த நீலத்தை "இதுதான் வெள்ளை"ன்னு சாஃப்ட்வேருக்குக் காட்டினா, அது ஈடுகட்ட மஞ்சளைக் கொட்டும். முகம் மஞ்சளாகுற காரணம் அதுதான்.

எவர்சில்வர் தாம்பாளமும் ஆகாது. பக்கத்துல இருக்குற பட்டோட சிவப்பு அதுல விழுந்திருக்கும். விபூதி வெள்ளையும் நம்பக்கூடியதில்ல, சுத்தமான சாம்பல் நிறமா இருக்காது. சடங்கு ஒவ்வொண்ணு ஆரம்பிக்கும்போதும் ஒரு சாம்பல் அட்டைய மேடையில புடிச்சு ஒரு ஃப்ரேம் எடுத்து வச்சுக்கறது அடுத்த கல்யாணத்துக்கு. இப்ப அட்டை இல்லாததால தோலோட கலர் எண்களை வச்சுத்தான் போகணும். சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சானல், ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 255 வரை ஒரு எண். கேமரா ராவுல (போட்டோஷாப்போட ரா திருத்தி) ஃப்ளாஷ் விழுந்த படத்துக்கு 5500 கெல்வின் கிட்ட ஆரம்பிச்சு, நெத்தியோ கன்னமோ மினுங்காத ஒரு இடத்துல அந்த எண்களைப் பாருங்க. சிவப்பு மேல, பச்சை அதுக்குக் கீழ, நீலம் எல்லாத்துக்கும் கீழ இருக்கணும். எண்ணுல நீலம் பச்சையத் தொடுற அளவுக்கு ஏறுனா படம் குளிர்ச்சிப் பக்கம் போயிருச்சு, நீலம் ரொம்பப் பள்ளத்துல கிடந்தா மஞ்சள் கூடிருச்சு.

கலப்பு வெளிச்சத்துல எல்லாத்துக்கும் ஒரே வெள்ளை கிடைக்காது. முகத்துல எந்த வெளிச்சம் விழுதோ அதுக்கு மட்டும் சரி பண்ணுங்க. ஜன்னல் பக்கம் நீலமா தெரியுற தோளுக்கு ஒரு மாஸ்க் (அந்த இடத்துல மட்டும் திருத்தம் விழ வைக்கற மறைப்பு), அதுல டெம்பரேச்சரை மட்டும் மஞ்சள் பக்கம் நகர்த்துங்க. ஊதா எல்இடி கொஞ்சம் பட்ட இடத்துல பர்ப்பிள், மெஜந்தா ரெண்டோட சாச்சுரேஷனையும் (நிற அடர்த்தி) 30, 40 இறக்கினா போதும். நேரா முகத்துல விழுந்து நீல சானல் 255ல முட்டிருந்தா, அந்தப் படத்துல கலர் திரும்பாது. கலரைத் திருப்புற அளவுக்கு அந்த வெளிச்சத்துல பச்சைக்கும் சிவப்புக்கும் தகவல் இல்ல. கறுப்பு வெள்ளையா வைங்க, பச்சை சானல்லேர்ந்து மாத்துங்க, முகம் ஒழுங்கா வரும்.

வெண்ணாறு:
இருட்டு ப்ரிண்டுக்குக் காரணம் லேப் இல்லை, பெரும்பாலும் திரை. புது மானிட்டர் முழு வெளிச்சத்தில் 250, 300 கேண்டலா (திரை வெளிச்சத்தின் அளவு) வரை அடிக்கும். படம் திருத்த 80 முதல் 120 போதும். அதிக வெளிச்சத்தில் பார்த்து "நல்லா இருக்கு" என்று விட்டால், காகிதத்தில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) வரை இருட்டாக விழும். காலிப்ரேட்டர் (திரையை அளந்து சரிசெய்யும் கருவி) இருந்தால் 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100 என்று வையுங்கள்.

கருவி இல்லையென்றால் இப்படிச் செய்யலாம்: வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் லேபின் வெறும் ஃபோட்டோ பேப்பரைப் பிடித்து, அறையில் வழக்கமாக எரியும் விளக்கில் இரண்டும் ஒரே பளிச்சில் தெரியும் வரை மானிட்டரைக் குறையுங்கள். பிறகு அந்தப் பட்டனைத் தொடவேண்டாம். திரைக்கு எதிரே பச்சைச் சுவர் இருந்தால் கண் தன்னாலே மெஜந்தாவைக் கூட்டிவிடும், இதையும் பாருங்கள்.

இன்னொன்று. கோப்பு அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் இருந்து, லேப் அதை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய வரம்பு என்று எடுத்துக்கொண்டால் நிறம் வெளிறும், பட்டு சோர்ந்து தெரியும். அனுப்பும் முன் கன்வர்ட் டு ப்ரொஃபைல் கொடுத்து எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள். அசைன் ப்ரொஃபைல் கொடுக்காதீர்கள். அது எண்ணை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், நிறம் கெடும். பலர் தவறுவது இங்கேதான்.

பாமணியாறு:
பட்டுக்கு நான் சொல்றேன் அண்ணே. அரக்குல சிவப்பு சானல் 255ல போய் முட்டிக்குது, பச்சையும் நீலமும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல கிடக்குது. மேல ஒண்ணு சுவத்துல இடிச்சு, கீழ ரெண்டு தரையில கிடந்தா இழைக்கும் இழைக்கும் வித்தியாசம் எங்கிருந்து வரும்? அதான் தகடு. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) நல்லாத்தான் இருக்கும், ஏமாத்தும். சிவப்பு சானலை மட்டும் தனியா பாருங்க.

கேமரா ராவுல ப்ரொஃபைல் அடோபி விவிட்ல இருந்தா முதல்ல அதை மாத்துங்க. அடோபி போர்ட்ரெய்ட் இல்லேன்னா நியூட்ரல். இதுக்கே பாதி நெசவு திரும்பிடும். அப்புறம் கலர் மிக்சர்ல ரெட் சாச்சுரேஷன் 15 குறைங்க, லூமினன்ஸ் (அந்த நிறத்தோட வெளிச்சம்) 10 குறைங்க. மொத்தப் படத்துக்கும் குறைச்சா உதடும் குங்குமமும் சேர்ந்து வாடிப்போகும், அதனால புடவைக்கு மட்டும் மாஸ்க் போடுங்க. மயில்கழுத்து, கத்தரிப்பூ கலருக்கும் இதே மாதிரி எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே போற குணம் உண்டு, ஆனா அங்க முட்டுறது வேற சானல்.

ஜரிகையில வானவில் கோடு நெளியுதா? அது மொய்ரே. சென்சார் கட்டமும் ஜரிகை இழையும் ஒண்ணோட ஒண்ணு மோதுறதால வர்றது. ப்ரஷ் எடுத்து மொய்ரே ஸ்லைடரை 40, 50க்கு வச்சு அந்த இடத்துல மட்டும் தடவுங்க. கலர்க் கோடு போயிரும். கறுப்பு வெள்ளைக் கோடு மிச்சமிருந்தா அது போகாது. படத்தை ஆல்பத்துல எந்த அளவுக்கு வைக்கப்போறீங்களோ அதுக்குச் சின்னதாக்கிப் பாருங்க, அப்பவும் தெரிஞ்சா வேற ஃப்ரேம் எடுங்க. இன்னொரு எச்சரிக்கை, திரையில 33 சதவீதம், 67 சதவீதம்னு பாக்கும்போது இல்லாத மொய்ரே கூட தெரியும். 100 சதவீதத்துல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வெட்டாறு:
"கலராக்கிக் கொடுங்க" என்பதற்கு வருகிறேன். இந்த உரையாடலில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அந்தப் பெண்ணின் நிறத்தை மாற்றாதீர்கள். நிறம் மங்கித் தெரிவதற்கு வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். அதைச் சரி செய்தால் கேட்டவர்கள் கேட்டது கிடைத்துவிடும்.

மாநிறத் தோல் ஏன் மங்குகிறது? பக்கத்தில் வெள்ளை வேட்டி, பளிச்சென்ற நகை. கேமரா அதற்குப் பயந்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். தோல் ஒரு ஸ்டாப் கீழே விழும். எல்லோரும் செய்வது, சாச்சுரேஷனைக் குறைத்து முகத்தை வெளுப்பாக்குவது. அப்போது தோல் சாம்பல் பூத்துப்போகும், உயிர் இருக்காது. அதற்குப் பதில் போட்டோஷாப்பில் கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் தனி அடுக்கு) ஒன்று போட்டு நடுப்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். 110ல் இருக்கும் எண் 125க்கு வந்தால் போதும். பிளெண்டை (லேயர் கீழே இருப்பதோடு கலக்கும் விதம்) லூமினோசிட்டியில் வையுங்கள், நிறம் தப்பாது. மாஸ்க் முகம், கழுத்து, கை எல்லாவற்றுக்கும் வேண்டும். வெளிச்சம் கூடிய மாநிற முகம் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் என்று வீட்டாருக்கு ஒரு சின்ன ப்ரிண்டில் காட்டுங்கள், அதற்குப் பிறகு வெளுக்கச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது மேக்கப். ஃபவுண்டேஷன் தோலைவிட இரண்டு படி வெளுப்பாகப் பூசியிருப்பார்கள். அதில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு ஃப்ளாஷைத் திருப்பி அடிக்கும், முகம் மாவு அப்பியது போல் இருக்கும், கழுத்தும் கையும் சொந்த நிறத்தில் நிற்கும். வழக்கமாகக் கழுத்தை முகத்துக்குச் சமமாக வெளுப்பாக்குகிறார்கள். முகத்தைத்தான் கழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தில், நகை நிழல் விழாத ஓர் இடத்தை ஐட்ராப்பரில் எடுங்கள், மாதிரி அளவு 5க்கு 5 சராசரி. புது லேயர், பிளெண்ட் கலர், மெல்லிய ப்ரஷ், ஃப்ளோ 5 சதவீதம். நெற்றி, கன்னம், தாடை என்று தடவி வாருங்கள். உதடு, பொட்டு, கண் வெள்ளை இதில் சேரக்கூடாது. கையில் மருதாணி இருந்தால் கையிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள், எண் சிவப்புப் பக்கம் பொய் சொல்லும்.

எண்ணைச் சரிபார்க்க இன்ஃபோ பேனலில் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையின் அளவு) வாசிப்பை வையுங்கள். கோப்பை மாற்றச் சொல்லவில்லை, வாசிப்பு மட்டும். மஞ்சள் மெஜந்தாவைவிட 5 முதல் 15 கூடுதலாக இருக்கட்டும். சயான், மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்று மேல் வரை. நிறம் கூடக்கூடச் சயானும் கறுப்பும் ஏறும், அது இயல்பு. மெஜந்தா மஞ்சளை மீறினால் முகம் வெந்தது போல் சிவக்கும்.

குடமுருட்டி:
வெட்டாறு சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். தோலைத் துடைக்கறதுக்கு நிறைய பேரு ஃப்ரீக்வென்சி செபரேஷன் (தோல் நுணுக்கத்தையும் நிறத்தையும் தனித்தனி லேயரா பிரிக்கறது) போய் அங்கேயே நின்னுடறாங்க. தவறில்ல, ஆனா எண்ணைத் தப்பா கொடுத்தா படம் கெட்டுரும். லேயரை ரெண்டு நகல் எடுங்க. கீழ இருக்கறதுக்கு காஸியன் ப்ளர். ரேடியஸ் எவ்வளவுன்னா, தோல் துளை மறையணும், மூக்கும் உதடும் மட்டும் உருவமா தெரியணும். முகம் நிறைஞ்ச க்ளோசப்புக்கு 8, 10. இடுப்பளவுக்கு 4, 5. குரூப் போட்டோவுக்கு வேணவே வேணாம். மேல இருக்கறதுல அப்ளை இமேஜ், ப்ளர் பண்ண லேயர் மூலம். 8 பிட் கோப்புன்னா சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட்டுன்னா ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. பிளெண்ட் லீனியர் லைட். ரெண்டையும் சேத்து மறைச்சு மறைச்சுக் காட்டுங்க, படம் துளி கூட அசையக் கூடாது. அசைஞ்சா எண் தப்பு.

மேல் லேயர்ல ஹீலிங்கால பரு, அட்சதை ஒட்டின தடம். கீழ லேயர்ல லாஸ்ஸோ வச்சு திட்டுத்திட்டான நிறத்தை மட்டும் கொஞ்சம் ப்ளர். அதுக்கு மேல போகாதீங்க. மச்சம், தழும்பு தொடாதீங்க, கேக்காம தொடவே கூடாது.

வெட்டாறு:
எனக்கு அந்த முறையில் முழுச் சம்மதம் இல்லை, அண்ணே. கீழ் லேயரை ப்ளர் செய்யச் செய்ய கன்ன மேடும் தாடைக் கோடும் தட்டையாகிவிடுகின்றன. நான் சொல்வது, தனி லேயரில் ஹீலிங், பிறகு 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயர், பிளெண்ட் சாஃப்ட் லைட், டாட்ஜ் (வெளிச்சம் கூட்ட), பர்ன் (குறைக்க) ஃப்ளோ 2, 3 சதவீதம். நேரம் மூன்று மடங்கு ஆகும் என்பது உண்மை. 400 படத்துக்கு முடியாது. ஆல்பத்தில் முழுப் பக்கம் வரும் 15, 20 படத்துக்கு மட்டும் செய்யலாம், மற்றதற்கு ஹீலிங் போதும். அட்சதை விஷயத்தில் ஒன்று: தாலி கட்டும் படத்தில் பறக்கும் அரிசியை எல்லாம் துடைத்துவிட்டால் அந்த நொடியே செத்துப்போகும். கண்ணை மறைக்கும் மணியை மட்டும் எடுங்கள். மஞ்சள் தடவிய மணியின் பக்கத்துத் தோலில் மஞ்சள் பிரதிபலிப்பு இருக்கும், அதையும் கலர் லேயரில் தொட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மணி போன இடத்தில் கறை நிற்கும்.

அரசலாறு:
வேட்டியும் பட்டும் புரிந்துவிட்டது, மிக்க நன்றி. மேலும் இரண்டு கேள்வி. வயல் வரப்பில் எடுத்த ஜோடிப் படங்களில் தாடைக்கு அடியில் பச்சை படிந்திருக்கிறது. ஆல்பம் முதல் பக்கத்தில் தாத்தா பாட்டியின் பழைய படத்தை வைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படம், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே சந்தனம் குங்குமம் வைத்த தடம், ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது.

பாமணியாறு:
வரப்புப் படத்துக்கு மொத்தமா பச்சையக் குறைக்காதீங்க, குறுவை நாத்தோட இளம்பச்சைதான் அந்தப் படத்தோட உயிர். அதுல பாதி மஞ்சள் கலந்திருக்கு, யெல்லோ ஸ்லைடரை நகர்த்தினா தோலும் நகையும் சேர்ந்து போகும். தாடை, கழுத்துக்கு அடி, முழங்கை உள்பக்கம், இந்த மூணுக்கும் மாஸ்க் போட்டு டின்ட்டை மெஜந்தா பக்கம் 8லேர்ந்து 12. போதலைன்னா வெட்டாறு அண்ணன் சொன்ன கலர் லேயர், ஒபாசிட்டி 30. வெள்ளைச் சட்டைக் காலர்லயும் பச்சை ஏறியிருக்கும், அதை மறந்துடாதீங்க.

கோரையாறு:
பழைய படத்துக்கு நான் சொல்கிறேன் சார். படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டாம். நம்ம பக்கத்து ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், காகிதம் கையில் வரும். சந்தனம் கண்ணாடிக்கு வெளியே இருந்தால் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடி மேலேயே லேசாக ஈரத்துணியால் துடைக்கலாம், ஓரம் வழியாக நீர் உள்ளே போகக்கூடாது. பிறகு கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன். 600 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்), சின்னப் படம் என்றால் 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில், சானலுக்கு 16 பிட்டில் எடுங்கள். ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி, தானியங்கிக் கூர்மை இரண்டையும் அணைத்து வையுங்கள். கண்ணாடி கனம் காரணமாக ஸ்கேன் மங்கினால், படத்துக்கு நேர் மேலே கேமரா, இரண்டு விளக்கு 45 டிகிரியில் பக்கவாட்டில் வைத்து எடுங்கள், பிரதிபலிப்பு வராது.

கலரில் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்று சானலையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் கறை நீலச் சானலில் கறுப்பாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும். பழுப்பேறிய படமும் அப்படியே. சிவப்புச் சானலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதி வேலை முடிந்தது. காகிதத்தில் தேன்கூடு போலப் புடைப்பு இருந்தால் 180 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுத்து, முதல் ஸ்கேன் மேல் பொருத்தி ஒபாசிட்டி 50 வையுங்கள். புடைப்பின் நிழல் எதிரெதிராக விழுவதால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போகும்.

ராமபாணப் பூச்சி அரித்த ஓரத்துக்கு க்ளோன், ஹீலிங் எல்லாம் தனி லேயரில். முகத்தில் ஓட்டை என்றால் மட்டும் நிதானம். இப்போது ஒரு சொடுக்கில் முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. அவை இருக்கும் முகத்தைக் கூர்மையாக்குவதில்லை, கற்ற முகங்களிலிருந்து ஒரு முகத்தைத் தானே வரைகின்றன. கண் இமை, பல்வரிசை எல்லாம் பளபளவென்று வரும், ஆனால் அது பாட்டி இல்லை. திதிக்கு மாலை போட்டு வைக்கப்போகும் படம். பின்புறம், புடவை, சுவர் இவற்றுக்கு அந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம், முகத்துக்கு அசல் லேயரை மாஸ்க் வழியாகத் திரும்பக் கொண்டு வாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. காதோலையா கம்மலா என்பது தெரியாத இடத்தில் நீங்களாக வரையாதீர்கள்.

போட்டோஷாப் இல்லாதவர்களுக்கு: ஜிம்ப்பில் 2018ல் வந்த 2.10 பதிப்பு முதலே 16, 32 பிட் வேலை செய்யும், ஹீல் கருவி உண்டு, வேவ்லெட் டீகம்போஸ் என்று ஃப்ரீக்வென்சி செபரேஷனுக்கு இணையான வசதியும் இருக்கிறது. ரா கோப்புக்கு டார்க்டேபிள், ராதெரபி. மூன்றும் இலவசம்.

வெண்ணாறு:
ஆல்பம் கணக்கு. 12க்கு 36 என்றால் 300 பிபிஐயில் 3600க்கு 10800 பிக்சல். 8 பிட் ஆர்ஜிபியில் ஒரு முழு லேயரே 117 மெகாபைட் கிட்ட வரும், 16 பிட் ஆனால் இரட்டிப்பு. அதனால் தனிப்படத் திருத்தத்தை 16 பிட்டில் முடித்து, 8 பிட்டாக்கி ஆல்பத்தில் வையுங்கள்.

உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. ஒரே படத்தை முழு விரிப்புக்கும் (திறந்து வைத்த இரண்டு பக்கமும் சேர்ந்தது) போட்டால் 6000க்கு 2000 தான் மிஞ்சும், அதாவது 167 பிபிஐ. மண்டபத்தின் அகலக் காட்சிக்கு இது தாங்கும். முகங்கள் பெரிதாக இருந்தால் 200க்குக் கீழே விடாதீர்கள். நடு மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் முகமோ தாலி கட்டும் கையோ வரக்கூடாது. நான்கு ஓரத்திலும் கால் அங்குலம் வெட்டில் போகும், எழுத்து இருந்தால் அரை அங்குலம் உள்ளே.

கூர்மை கடைசியில், அளவு மாற்றிய பிறகு. அன்ஷார்ப் மாஸ்க் அளவு 120, ரேடியஸ் 1.2, த்ரெஷோல்ட் 3. திரையில் சற்று அதிகம் போலத் தெரியும், காகிதத்தில் சரியாக விழும். ஹோமப் புகைப் படங்களில் டீஹேஸ் (புகைமூட்டம் நீக்கும் ஸ்லைடர்) 10, 15க்கு மேல் போனால் முகம் கறுத்துச் சிவக்கும், பின்புறத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொடுங்கள்.

அரசலாறு:
ஜேபெக் தரம் 10 போதுமா, 12 வேண்டுமா? சோதனை ப்ரிண்ட் என்ன அளவில் எடுப்பது?

வெண்ணாறு:
போட்டோஷாப் அளவுகோலில் 10க்கும் 12க்கும் காகிதத்தில் வித்தியாசம் தெரியாது, கோப்பு மட்டும் பெருக்கும். ஆனால் ஒரே ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி மறுபடி சேமிக்காதீர்கள். பிஎஸ்டியில் (போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு) வைத்துக்கொண்டு ஒரே முறை ஜேபெக் எடுங்கள்.

சோதனைக்கு ஒரு 8க்கு 12 பேப்பரில் ஆறு துண்டு வையுங்கள்: பொண்ணு முகம், மாப்பிள்ளை முகம், அரக்குப் பட்டு, வேட்டி மடிப்பு, ஹோமம், வயல். லேபில் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் தானாக வெளிச்சம் கூட்டியதை உங்கள் திருத்தம் என்று நினைத்துவிடுவீர்கள். வந்ததை டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், பச்சை காட்டும். காலை பத்து மணிக்கு வாசலில், நேர் வெயில் படாத நிழலில் வைத்துத் திரையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஆறு துண்டும் ஒரே அளவு இருட்டு என்றால் மானிட்டரைக் குறையுங்கள். முகம் மட்டும் இருட்டு என்றால் கர்வ்ஸ் லேயருக்குப் போங்கள்.